பயணத்துக்கு அதிமெல்லிய லேப்டாப்: எடை குறைகிறதா, தலைவலி கூடுகிறதா?

நடைமேடை:

வணக்கம் நண்பர்களே. மாதத்தில் பாதி நாள் ரயில், விமானம், விடுதி அறை என்றே கழியும் வேலை எனக்கு. கையில் இருப்பது 15.6 அங்குல லேப்டாப், 2.2 கிலோ. அதன் சார்ஜர் தனி பாரம். அதிமெல்லிய லேப்டாப் ஒன்றுக்கு மாறிவிடலாமா என்று யோசிக்கிறேன்.

வேலை பெரும்பாலும் எக்செல், அறிக்கை எழுதுவது, வீடியோ கூட்டங்கள், பிரவுசரில் இருபது முப்பது டேப். அவ்வப்போது புரொஜெக்டரில் இணைத்துக் காட்ட வேண்டியிருக்கும். கேம் கிடையாது.

விளம்பரத்தில் எல்லாமே அருமையாகத்தான் இருக்கிறது. விமர்சன வீடியோக்காரர்களோ பெட்டியைப் பிரித்த மறுநாளே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். வருடக்கணக்கில் பையில் போட்டுக்கொண்டு அலைந்தவர்கள் சொல்லுங்கள். எது நிஜமாகவே உதவியது, எது கழுத்தை அறுத்தது?

தராசு:

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மெல்லியது வேறு, எடை குறைந்தது வேறு. கடைக்காரர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து விற்கிறார்கள்.

உதாரணம் சொல்கிறேன். 2020 இல் எம்1 சிப்போடு வந்த ஆப்பிள் மேக்புக் ஏரின் தடித்த பக்கம் 16.1 மி.மீ., எடை 1.29 கிலோ. 2022 இல் வந்த எம்2 ஏர் 11.3 மி.மீ., எடை 1.24 கிலோ. கிட்டத்தட்ட 5 மி.மீ. தடிமன் போயும் குறைந்தது வெறும் 50 கிராம். அந்தப் பக்கம் 2021 எல்ஜி கிராம் 14 ஐப் பாருங்கள். 16.8 மி.மீ. தடிமன், ஆனால் எடை 999 கிராம். பேட்டரியின் கொள்ளளவும் 72 வாட்-அவர். எம்2 ஏரில் 52.6 தான். தடித்ததுதான் இலேசாகவும் இருக்கிறது, அதில்தான் பேட்டரியும் பெரியது.

காரணம் உடம்பு எதனால் ஆனது என்பது. மெக்னீசியக் கலவை, கார்பன் ஃபைபர் என்றால் எடை இறங்கும். அலுமினியப் பாளத்தைக் குடைந்து செய்தால் கெட்டியாக இருக்கும், ஆனால் எடை அவ்வளவாக இறங்காது. தோளுக்குத் தெரிவது கிராம் மட்டும்தான். மில்லிமீட்டர் போட்டோவுக்கு.

ஒளிப்பெட்டி:

தராசு சொல்வது சரி, ஆனால் மெலிவால் ஒரு லாபமும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கேமரா, லென்ஸ் எல்லாம் இருக்கும் என் பையில் லேப்டாப்புக்குக் கிடைப்பது ஒரு ஒடுக்கமான அறைதான். அதில் 18 மி.மீ. நுழையாது, 13 மி.மீ. நுழையும். எனக்கு அது போதுமான காரணம்.

நான் மாட்டிக்கொள்வது சூட்டில். மெல்லிய உடம்பில் சூட்டை வெளியேற்ற இடம் இல்லை. ஃபேனே இல்லாத மாடலில் புகைப்படங்களைத் தேர்ந்தெடுப்பது, சின்னத் திருத்தங்கள் எல்லாம் பறக்கும். நீளமான வீடியோ ஒன்றை ஏற்றுமதி செய்யப் போட்டால் சில நிமிடங்கள் வேகமாக ஓடி, அப்புறம் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். ஃபேன் உள்ள மெல்லிய மாடல்களிலும் அது மிகச் சின்ன ஃபேன் என்பதால் கீச்சென்று கத்தும். அமைதியான ரயில் பெட்டியில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

நடைமேடைக்கு எக்செல்லும் கூட்டமும்தானே, இது பெரிய பிரச்சினை ஆகாது. ஒன்று மட்டும்: கூட்டத்தில் பேசிக்கொண்டே திரையைப் பகிர்ந்து, அதே நேரம் சார்ஜும் ஏற்றினால் அடிப்பாகம் மடியில் வைக்க முடியாத அளவுக்குச் சுடும் மாடல்கள் இருக்கின்றன.

மின்னோட்டம்:

பேட்டரி பற்றி நான். ‘18 மணி நேரம் வரும்’ என்ற வரியைக் கண்டுகொள்ளாதீர்கள். வாட்-அவர் எண்ணைத் தேடிப் பிடியுங்கள். மற்றது வகுத்தல் கணக்கு. 52 வாட்-அவர் பேட்டரி, எழுத்து வேலைக்குச் சராசரியாக 6 வாட் இழுக்கிறது என்றால் எட்டரை மணி நேரம். அதே மெஷினில் வீடியோ கூட்டம், முழு வெளிச்சம் என்று 12 வாட் போனால் நாலு மணி நேரம் சொச்சம். அதனால் உங்கள் வேலையில் எத்தனை மணி நேரம் கூட்டம் என்பதுதான் கேள்வி.

இந்த வகை லேப்டாப்பில் உண்மையான லாபம், என்னைக் கேட்டால், சார்ஜரில்தான் இருக்கிறது. மின்சாரம் குறைவாகச் சாப்பிடுவதால் 45 அல்லது 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் போதும். சிலிக்கானுக்குப் பதில் காலியம் நைட்ரைடு (GaN) பயன்படுத்தும் வகை என்றால் உள்ளங்கைக்குள் அடங்கும், போனுக்கும் அதுவே. பழைய சார்ஜர், கேபிள், போன் சார்ஜர் மூன்றையும் தூக்கிப் போட்டால் குறைகிற எடை, லேப்டாப்பில் நீங்கள் கஷ்டப்பட்டுத் தேடும் 200 கிராமுக்குக் குறையாது.

பவர் பேங்க் வாங்குவதானால் ஒரு கணக்கு. 20,000 எம்ஏஎச், அதாவது 20 ஆம்பியர்-அவர் என்பதை உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-அவர். மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்தால் லேப்டாப்புக்குள் போய்ச் சேருவது 60 ஐ ஒட்டித்தான். விமானத்தில் 100 வாட்-அவர் வரை அனுமதி கேட்காமல் கொண்டுபோகலாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்தான், செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. 2025 முதல் சில நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவும் தடை போட்டிருக்கின்றன. ‘வானத்தில் ஏற்றிக்கொள்ளலாம்’ என்ற நம்பிக்கையில் சின்ன பேட்டரி லேப்டாப் வாங்காதீர்கள்.

பத்தி எழுத்து:

கீபோர்டைப் பற்றி யாரும் பேசவில்லையே! நாளெல்லாம் தட்டுபவள் என்ற முறையில் சொல்கிறேன். மெலிவுக்காக முதலில் பலி கொடுப்பது விசையின் ஆழத்தைத்தான். பழைய லேப்டாப்களில் விசை 2 மி.மீ. வரை இறங்கும். இப்போது நல்லது என்று சொல்லப்படுவதே 1.5. மெல்லியவற்றில் 1 மி.மீ. அதற்கும் கீழே போனால் மேஜையைத் தட்டுவது போலத்தான்.

ஆப்பிளே இதில் சூடுபட்டது. 2015 இல் 12 அங்குல மேக்புக்கை 13.1 மி.மீ. தடிமனில், 0.92 கிலோவில் கொண்டுவந்தார்கள். அதற்காகவே பட்டாம்பூச்சி விசை என்று ஒன்றைச் செய்தார்கள். ஒரு தூசி உள்ளே போனால் விசை ஒட்டிக்கொள்ளும், அல்லது ஓர் எழுத்து இரண்டாக விழும். 2018 இல் இலவசமாகச் சரிசெய்து தரும் திட்டம் அறிவித்து, 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மாடலில் கத்தரிபோல் குறுக்காக மடியும் தாங்கி கொண்ட பழைய கத்தரி விசைக்கே திரும்பினார்கள்.

தமிழில் அதிகம் தட்டுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஷிஃப்டோடு சேர்த்து அழுத்துவது நமக்கு அதிகம்.

குறுக்குவழி:

ஒரு டேப்லெட், ஒரு புளூடூத் கீபோர்டு. முடிந்தது கதை. எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

தராசு:

டேப்லெட், அதை நிறுத்த உறையோடு கூடிய கீபோர்டு, இரண்டையும் சேர்த்துத் தராசில் வைத்துப் பாருங்கள் குறுக்குவழி. பெரிய டேப்லெட் என்றால் 1 கிலோவைத் தாண்டிவிடும். அப்புறம் அதில் பெரிய எக்செல் ஷீட்டைத் திறந்து பாருங்கள்.

திருகுப்புளி:

லேப்டாப் பழுதுபார்ப்பது என் தொழில். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய லேப்டாப் என்னிடம் வரும்போது அடிக்கடி பார்ப்பது ஒரே காட்சி. ‘டச்பேட் வேலை செய்யவில்லை, மாற்றிக் கொடுங்கள்’ என்பார்கள். மேஜையில் வைத்தால் ஒரு மூலை லேசாக ஆடும். மூடியை மூடினால் முன் விளிம்பில் ஒரு மெல்லிய இடைவெளி நிற்கும். டச்பேடின் கீழ்ப்பக்கத்தை அழுத்தினால் வழக்கமான ‘டிக்’ வராது. அடித்தகட்டைக் கழற்றினால் டச்பேட் பாவம் நன்றாகவே இருக்கும். அதற்குக் கீழே இருக்கும் பேட்டரி செல்களில் ஒன்று உப்பி, அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். தடித்த லேப்டாப்பில் பேட்டரி உப்ப கொஞ்சமாவது இடம் உண்டு. இதில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை, எதையாவது தள்ளியே ஆக வேண்டும். உப்பியதை அழுத்தி மூடுவது, குத்துவது எதுவும் கூடாது, தீப்பிடிக்கும். அணைத்துவிட்டு நேரே கொண்டுவர வேண்டும்.

இதைத் தள்ளிப்போட ஒரு வழி: அறையில் எப்போதும் சார்ஜரில் செருகியே வேலை செய்பவரானால் 80 சதவீதத்தோடு நிறுத்தும் அமைப்பை இயக்குங்கள். இப்போது அநேகமாக எல்லா நிறுவனங்களும் தருகின்றன. பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் 100 ஏற்றுங்கள்.

அடுத்தது, ராம். மெல்லியவற்றில் அது போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும், சிலவற்றில் பிராசசரோடு ஒரே பொதியில். பின்னால் கூட்டவே முடியாது. 8 ஜிபி எடுத்துவிட்டு இரண்டு வருடம் கழித்து என்னிடம் வந்தால் நான் கையை விரிப்பேன். 16 க்குக் கீழே வாங்காதீர்கள். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியைச் சில மாடல்களில் மாற்றலாம், வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பயணிகளுக்கென்றே வரும் பழுது. பையில் லேப்டாப்போடு பவர் பேங்க், தண்ணீர்ப் புட்டி, புத்தகம் எல்லாம் திணித்து, அதை இருக்கைக்கு அடியில் உதைத்துத் தள்ளுவார்கள். மூடி மெல்லியது, வளையும். கீபோர்டின் விளிம்பு திரையில் கோடாகப் பதியும், ஒருநாள் திரை வெடிக்கும். கேமராவை மறைக்க ஒட்டும் பிளாஸ்டிக் தள்ளுமூடிகூடத் திரையை உடைக்கப் போதும். மேக்புக்கில் அதை ஒட்டிக்கொண்டு மூடாதீர்கள், மறைத்தே ஆக வேண்டும் என்றால் 0.1 மி.மீ. க்குத் தடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆப்பிள் நிறுவனமே 2020 இல் எச்சரித்தது. சாதாரண அச்சுத் தாளின் தடிமன் அவ்வளவுதான்.

நடைமேடை:

திருகுப்புளி அண்ணே, பயமுறுத்திவிட்டீர்களே! அப்படியானால் தராசு சொன்ன 1 கிலோ மெக்னீசிய உடம்பு உங்கள் கணக்கில் தேறாதா?

திருகுப்புளி:

தேறும். வளைகிறது என்பதற்காக உடையும் என்று அர்த்தம் இல்லை. மெக்னீசிய உடம்பு கீபோர்டின் நடுவில் அழுத்தினால் கொஞ்சம் இறங்கும், கையில் பிடித்தால் விலை மலிவானதுபோல் தோன்றும், அவ்வளவுதான். அலுமினியம் திடமாக இருக்கும், ஆனால் மூலை தரையில் பட்டால் நசுங்கி நசுங்கினபடியே நிற்கும். அந்த நசுக்கு திரையின் கண்ணாடியை அழுத்தத் தொடங்கினால் செலவு. நான் பார்ப்பது கீல். ஒற்றைக் கையால் மூடியின் மூலையைப் பிடித்துத் திறக்கிறவர்களின் கீல்தான் முதலில் போகும்.

தராசு:

இங்கே மாறுபடுகிறேன். நீங்கள் பார்ப்பதெல்லாம் பழுதாகி வருபவை மட்டும். பழுதாகாதவை உங்கள் மேஜைக்கு வருவதே இல்லை. கனமான லேப்டாப்பைக் கீழே போட்டால் அது விழும் வேகத்தில் படும் அடியும் பெரியதுதானே?

திருகுப்புளி:

நியாயமான கேள்விதான். கனமானதும் வரும், வராமல் என்ன. ஆனால் அதில் கீபோர்டு, பேட்டரி, ராம் என்று தனித்தனியாக மாற்றி அன்றே அனுப்பிவிடுவேன். மெல்லியதில் கீபோர்டைத் தனியாகக் கழற்ற முடியாதபடி மேல்தகட்டோடு ரிவிட் அடித்திருப்பார்கள். நான் கேட்பது எத்தனை உடைகிறது என்று இல்லை. வெளியூரில் உடைந்தால் எத்தனை நாள் வேலை நிற்கும்? அதுதான் கணக்கு.

தராசு:

அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஃபிரேம்வொர்க் 13 மாதிரி வருவது எனக்குப் பிடிக்கும். 15.85 மி.மீ., 1.3 கிலோ, எல்லாவற்றையும் ஒரே திருகுப்புளியால் கழற்றலாம். எல்லா இடத்திலும் கிடைக்காது, அதுதான் குறை.

இரவு வண்டி:

போர்ட் பிரச்சினையைச் சொல்லிவிடுகிறேன். 2008 இல் முதல் மேக்புக் ஏர் வந்தபோது ஒரே ஒரு யூஎஸ்பி போர்ட். அன்று சிரித்தார்கள். 2015 இன் 12 அங்குல மேக்புக்கில் சார்ஜுக்கும் சேர்த்தே ஒரே ஒரு யூஎஸ்பி-சி. இன்று இரண்டு இருப்பதே தாராளம் என்று ஆகிவிட்டது.

புரொஜெக்டர் என்றீர்களே, நடைமேடை. புரொஜெக்டர் கேபிளைச் செருகும் எச்டிஎம்ஐ போர்ட் இல்லாவிட்டால், ஒரு யூஎஸ்பி-சியைப் பல போர்ட்டாக்கித் தரும் ஹப் கட்டாயம். யானை வாங்கியவர் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதையாக, பெயர் தெரியாத ஹப்பை வாங்கிவிட்டுக் கூட்டத்தின் நடுவில் திரை விட்டு விட்டு வருவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சார்ஜர் கேபிளும் அதன் வழியே போக வசதி உள்ளதாக எடுங்கள். வாங்கியதும் வீட்டு டிவியில் ஒரு மணி நேரம் ஓடவிட்டுப் பாருங்கள், சூடாகித் துண்டிக்கிறதா என்று.

மெலிவுக்கும் போர்ட்டுக்கும் ஆகவே ஆகாது என்பதும் முழு உண்மை இல்லை. ஃபுஜிட்சு 634 கிராமுக்கு 13.3 அங்குல லேப்டாப் ஒன்று செய்தது. அதில் எச்டிஎம்ஐயும் உண்டு, இணையக் கேபிளைச் செருகும்போது வாய் திறக்கும் லேன் போர்ட்டும் உண்டு. பேட்டரியில்தான் கை வைத்தார்கள், மிகச் சின்னது.

இன்னொன்று. விண்டோஸ் லேப்டாப் என்றால் மூடியை மூடிப் பையில் வைத்ததும் தூங்கிவிடும் என்று நம்பாதீர்கள். இப்போதைய ‘ஸ்லீப்’ அரைத் தூக்கம்தான், வைஃபையில் அஞ்சல் எடுக்கும், அப்டேட் பார்க்கும். காற்றில்லாத பைக்குள் எழுந்துகொண்டால் இறங்குகிற இடத்தில் எடுக்கும்போது கை சுடும், பேட்டரி காலி. கண்ட்ரோல் பேனலில் பவர் அமைப்புக்குள் ‘மூடியை மூடினால்’ என்பதற்கு ‘ஹைபர்நேட்’ (முழுத் தூக்கம்) கொடுத்துவிடுங்கள். திறக்கும்போது சில விநாடி கூடுதலாகப் பிடிக்கும். பரவாயில்லை.

மின்னோட்டம்:

+1. மெல்லிய உடம்பில் பேட்டரி உப்புவதற்கு இந்தப் பைச் சூடும் ஒரு காரணம்.

ஜன்னலோரம்:

விமானத்தில் வேலை செய்யும் எண்ணம் இருந்தால் தடிமனை விடுங்கள், திரையின் உயரத்தைப் பாருங்கள். எகானமி இருக்கையில் தட்டு ஆழம் குறைவு. கீபோர்டை வயிற்றோடு ஒட்டி வைத்தால்தான் மூடியைச் சரியான கோணத்துக்குத் திறக்க முடியும். முன்னால் இருப்பவர் சொல்லாமல் சாய்ந்தால், அவருடைய இருக்கையின் பின்புறத்தில் தட்டு பொருந்தும் குழி இருக்கிறதே, அதன் மேல் விளிம்பு திரையின் உச்சியைப் பிடித்துக் கீழே அழுத்தும். கண்ணெதிரே திரை நெரிபட்டு உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். மூடி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு சீக்கிரம். 13 அங்குலம் தப்பிக்கும், 14 தட்டுத் தடுமாறும், 16 ஐப் பைக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

கைப்பையை விமான வாசலில் வாங்கிக் கீழே போடுகிறார்கள் என்றால் லேப்டாப்பையும் பவர் பேங்கையும் உருவிக்கொண்டுதான் பையைக் கொடுக்க வேண்டும். அந்த அவசரத்துக்கு 1 கிலோ லேப்டாப் சொர்க்கம்.

பத்தி எழுத்து:

ஜன்னலோரம் சொன்ன 13 அங்குலம் விமானத்துக்குச் சரி. விடுதி அறையில் எட்டு மணி நேரம் எக்செல் பார்க்கிறவருக்குக் கண் என்னாவது? நான் 14 பக்கம். திரை பளபளப்பாக இல்லாமல் மேட் பூச்சோடு இருந்தால் ரயில் ஜன்னல் வெளிச்சத்திலும் சமாளிக்கலாம். ஓஎல்இடி வகைத் திரை அழகுதான், ஆனால் வெள்ளைப் பின்னணியில் எழுத்து வேலை செய்தால் பேட்டரியைக் குடிக்கும்.

நடைமேடை:

எல்லோருக்கும் நன்றி. 11 மி.மீ. மாடலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். 14 அங்குலம், 1.1 கிலோவுக்குள், 16 ஜிபி, 65 வாட்-அவருக்குக் குறையாமல் என்று தேடியதில் இரண்டு மாடல் மிஞ்சின. ஒன்றில் இரண்டு யூஎஸ்பி-சியும் இடப் பக்கமே, எச்டிஎம்ஐ உண்டு. மற்றதில் பக்கத்துக்கு ஒரு யூஎஸ்பி-சி, எச்டிஎம்ஐ இல்லை, 60 கிராம் குறைவு. எதை எடுப்பது? கடையில் கையில் வாங்கியதும் எதைச் சோதிப்பது?

திருகுப்புளி:

பக்கத்துக்கு ஒன்று இருப்பதை எடுங்கள் தம்பி. பயணத்தில் அதிகம் தேய்வது சார்ஜர் செருகும் போர்ட்தான். கட்டிலில் படுத்துக்கொண்டு கேபிளை வளைத்துச் செருகுவீர்கள், அது ஆடத் தொடங்கும். இரண்டும் ஒரே சின்ன போர்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகலாம். எதிரெதிர்ப் பக்கம் என்றால் ஒன்று போனாலும் மற்றதில் வண்டி ஓடும்.

கடையில் நாலு சோதனை போதும். மூடியை நடுவில் பிடித்துத் திறங்கள், அடிப்பாகம் கூடவே தூக்கிக்கொண்டு வரக்கூடாது. கேபிளைச் செருகி மெதுவாக மேலும் கீழும் அசையுங்கள், சார்ஜ் துண்டிக்கக்கூடாது. ஒரு முழுப் பத்தி தட்டுங்கள். வீடியோ ஒன்றை ஓடவிட்டு, சார்ஜர் செருகியபடி கால் மணி நேரம் கழித்து அடியில் கை வைத்துப் பாருங்கள்.

இரவு வண்டி:

எச்டிஎம்ஐக்காக மட்டும் முதல் மாடல் பக்கம் சாய வேண்டாம். புரொஜெக்டர் அவ்வப்போதுதானே, ஹப் போதும். அண்ணன் சொன்னதுதான் என் ஓட்டும்.

தராசு:

அந்த 60 கிராமை ஹப் தின்றுவிடும் என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன். ஆனாலும் இரண்டாவதுதான். திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று பில் போடும்போதே கேட்டுவிடுங்கள். அதற்குள் ஹப், புரொஜெக்டர், பவர் பேங்க் மூன்றையும் இணைத்துப் பார்த்துவிட வேண்டும். பவர் பேங்க் 45 வாட்டாவது தரவில்லை என்றால் சில லேப்டாப்கள் ஏற்றவே மறுக்கும்.